பேபியின் கொண்டாட்டமும் என்னுடைய கையெழுத்தும்

ஸ்காபரோ, ரொறொன்ரோ
17.06.1998

அன்பு மகள் சுகிர்தாவுக்கு,

அம்மாவும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நோர்வே பேர்கனில் நீயும் மருமகனும் சின்னவள் அட்சயாவும் ஒரு தடிமன் காய்ச்சல்கூட இல்லாமல் இருக்கவேண்டும் என்று காலையில் சாமித்தட்டுக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன, அட்சயா முன்பல் விழுந்து சிரிக்கிற படத்தை அப்பா தன்னுடைய செக்கியூரிட்டி உடுப்புப் பையில் வைத்துக்கொண்டு கேட்காத ஆட்களுக்கும் காட்டுகிறார். அவருடைய முழங்கால் நோ குறைந்திருக்கிறது, ஆனால் குறைந்துவிட்டது என்று சொன்னால் நான் நடக்கக் கூப்பிடுவேன் என்று சொல்லாமல் இருக்கிறார். போன மாதம் நீ போன் எடுத்தபோது நான் இரண்டு சொல்லுக் கதைத்துவிட்டு வைத்துவிட்டேன், ஏதோ ஒளிக்கிறேன் என்று நீ குறைப்பட்டாய். ஒளித்தது உண்மைதான் பிள்ளை. ஒரு பிழை செய்துவிட்டு அதைத் திருத்த முடியுமா என்று தெரியாமல் நின்ற நேரம் அது. இப்போது எல்லாம் வடிவாக முடிந்துவிட்டது, போன சனிக்கிழமை எங்கள் கட்டிடத்தில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும், அதனால் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன், தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் பேபியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் ஒன்பதாம் மாடியில் நாலு கதவு தள்ளி இருக்கிற பிலிப்பைன்ஸ்காரி. பேபி என்றதும் சின்னப்பிள்ளை என்று நினைக்காதே, நாற்பத்தைந்து வயது, தன் நாட்டில் இலோயிலோ என்ற இடத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் படிப்பித்தவள். இங்கே ஒரு வயதுபோன அம்மாவைப் பராமரிக்கிற வேலைக்கு வந்து, அந்த வீட்டிலேயே தங்கி, பிறகு தனக்கென்று ஒரு அப்பாட்மென்ற் எடுத்து, புருஷனையும் பிள்ளையையும் கூப்பிட ஏழு வருடம் எடுத்தது. இந்த பெப்ரவரியில் ஒருநாள் பஸ் தரிப்பில் ஐஸில் வழுக்கி விழப்போன என்னை எட்டிப் பிடித்தவள் அவள்தான், அன்றிலிருந்து காலை பஸ்ஸில் நான் தையல் ஃபாக்டரிக்கும் அவள் அந்த அம்மா வீட்டுக்கும் ஒன்றாகத்தான் போவோம். அவளுடைய இங்கிலிஸும் என்னுடைய இங்கிலிஸும் இரண்டும் உடைசல் என்றபடியால் நன்றாக விளங்கும். என்னை ஆத்தே என்று கூப்பிடுவாள், அவர்கள் மொழியில் அக்கா என்று அர்த்தமாம். மார்ச் மாதம் அவளுடைய புருஷன் அகஸ்ரினும் மகள் கிறிஸ்ரினாவும் வந்து சேர்ந்தார்கள். பத்து வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை பதினேழு வயதில் வந்து இறங்கியிருக்கிறது. எயார்போட்டுக்குப் பேபி சின்னப்பிள்ளைகள் போடுகிற மாதிரி ஒரு ரோஸ் நிறக் கோட்டு வாங்கிக்கொண்டு போனாளாம், அது அந்தப் பிள்ளையின் முழங்கையோடு நின்றுவிட்டதாம். இதைச் சொல்லிச் சிரித்தாள், ஆனால் அவள் சிரித்த சிரிப்பை எனக்குப் பார்க்க ஏலாமல் இருந்தது. வந்த பிள்ளை தாயோடு கதைப்பதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லும், நன்றி சொல்லும், தேப்பனோடு சிரிக்கும், தாய் அறைக்குள் வந்தால் வாக்மனைக் காதில் மாட்டிவிடும். வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரியோடு பழகுகிற மாதிரி என்னோடு பழகுகிறாள் ஆத்தே என்று பேபி ஒருநாள் சொன்னாள்.

இந்த நேரத்தில்தான் அவர்களுடைய நூறாவது வருடம் வந்தது. ஸ்பெயின்காரரிடமிருந்து தங்கள் நாடு விடுதலை என்று அவர்கள் அறிவித்து இந்த ஜூன் பன்னிரண்டோடு நூறு வருடமாம். எங்கள் பக்கத்து மூன்று கட்டிடங்களிலும் சேர்த்து நாற்பது பிலிப்பைன்ஸ் குடும்பங்களுக்கு மேல் இருக்கின்றன, எல்லோரும் சேர்ந்து சாப்பாடு, பாட்டு, ஆட்டம், படம் கீறி வைப்பது என்று எங்கள் கட்டிடத்துக் கீழ்மாடி ஹோலில் ஒருநாள் கொண்டாடுவது என்று முடிவெடுத்து, எல்லாவற்றுக்கும் பேபியை முன்னுக்கு விட்டார்கள். அவளும் உஷாராகி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். மே மாதம் நடுவில் கட்டிடத்து மனேச்சர் கிளடிஸ், அவர் ஜமேக்காவிலிருந்து வந்த பெண், பேபியைக் கூப்பிட்டு ஹோல் தரமுடியாது என்று சொல்லிவிட்டார். காரணம், ஒன்பதாம் மாடியில் பிலிப்பைன்ஸ் ஆட்கள் கருவாடு பொரிக்கிற மணம் தாங்க முடியவில்லை என்று ஜனவரியில் குடியிருப்பாளர்கள் எழுதிக் கொடுத்த முறைப்பாடு ஃபைலில் இருக்கிறதாம், அறுபத்திரண்டு கையெழுத்தாம். ஒரு வீட்டுச் சமையலுக்கே இவ்வளவு என்றால் நாற்பது வீட்டுச் சமையலுக்கு அனுமதி கொடுத்தால் தன்னுடைய வேலை போய்விடும் என்று கிளடிஸ் சொன்னாராம். பேபி அடுத்தநாள் பஸ்ஸில் இதைச் சொல்லும்போது அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அறுபத்திரண்டு பேர் ஆத்தே, ஒவ்வொரு நாளும் எலிவேற்றரில் எனக்குக் குட்மோர்னிங் சொல்கிற அறுபத்திரண்டு பேர்" என்று மட்டும் சொன்னாள்.

சுகிர்தா, அந்த அறுபத்திரண்டில் பதினோராவது கையெழுத்து என்னுடையது. ஜனவரியில் எங்கள் கட்டிடத்துக் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் சச்சிதானந்தன் அண்ணை, உனக்கு நினைவிருக்கும், போன முறை நீ வந்தபோது உன்னிடம் நோர்வேயில் வரி எவ்வளவு என்று ஒரு மணித்தியாலம் விசாரித்தவர், அவர் ஒரு பேப்பரோடு வந்து கதவைத் தட்டினார். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்து நின்றேன், கொரிடோரில் மணம் என்று ஒரு முறைப்பாடு, ஒரு கையெழுத்துப் போடுங்கோ என்றார், வாசிக்காமலே போட்டேன். வாசிக்காமல் போட்டேன் என்று உனக்கு எழுதினாலும் அது முழு உண்மை இல்லை. எனக்கு மீன் மச்சம் ஆகாது, அந்த மணம் எனக்கும் பிடிக்கவில்லை, யாருடைய வீடு என்றும் ஓரளவுக்குத் தெரியும். அந்த நேரம் பேபி எனக்கு வெறும் ஒரு கதவு இலக்கம்தான். பேபி பஸ்ஸில் அதைச் சொன்ன அன்று பின்னேரம் அப்பா வேலையால் வந்ததும் அவருக்குச் சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, "வேறை ஆக்கள் சொல்லி அவவுக்குத் தெரியவர முந்தி நீயே போய்ச் சொல்லு" என்றார். நீதான் உன் அப்பாவை அறிவாயே.

அடுத்தநாள் பஸ்ஸில் சொன்னேன். எனக்கு இங்கிலிஸில் அதைச் சுற்றிவளைத்துச் சொல்லத் தெரியாதபடியால் நேரே சொன்னேன், அந்தக் கடிதத்தில் நானும் இருக்கிறேன் என்று. பேபி மடியில் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பிறகு, ஜனவரியில் யன்னல் திறக்க முடியாதுதானே, அதனால் மணம் நின்றிருக்கும் என்று எனக்காக அவளே ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மறுநாள் பஸ்ஸில் அவள் இல்லை, அதற்கு அடுத்தநாளும் இல்லை, முதல் பஸ்ஸில் போகத் தொடங்கிவிட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ போன் எடுத்தது அந்தக் கிழமைதான்.

சும்மா இருந்து அழுது என்ன செய்வது என்று ஒரு புதன்கிழமை பின்னேரம் சச்சிதானந்தன் அண்ணை வீட்டுக்குப் போனேன். முறைப்பாட்டைத் திருப்பி எடுங்கோ அண்ணை என்று கேட்டேன். அவர் சட்டம் சொன்னார், சங்கம் ஒருமுறை கொடுத்ததைத் திருப்பி எடுத்தால் பிறகு எங்களை யார் மதிப்பது என்றார். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணை, உங்கடை வீட்டிலை நெத்தலிக் கருவாடு பொரிக்கேக்கை எத்தினை கையெழுத்து வாங்கினனியள்?" என்று கேட்டேன். அவருடைய மனுசி குசினிக்குள் நின்று பெரிதாகச் சிரித்துவிட்டா. அண்ணைக்கு முகம் கறுத்தது, கொஞ்சநேரம் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு எழுந்துபோய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு வந்து இருந்தார். அவர் கொழும்பில் அரசாங்கக் கச்சேரியில் இருபத்தைந்து வருடம் கடிதம் எழுதியவர் அல்லவா, கீழே ஒப்பமிட்ட நாங்கள் எங்கள் முந்திய முறைப்பாட்டை முழுமனதோடு மீளப்பெறுகிறோம், எங்கள் அயலவர்களின் கொண்டாட்டத்துக்கு ஹோலைக் கொடுக்கும்படி கேட்கிறோம் என்று இங்கிலிஸில் எழுதினார் பார், மகாராணிக்கு அனுப்பலாம். முதல் கையெழுத்தைத் தானே போட்டார். இரண்டாவது நான் போட்டேன், இந்தமுறை முழுவதையும் வாசித்துவிட்டு.

அதன்பிறகு எட்டுப் பின்னேரம் பதினாலு மாடியும் ஏறி இறங்கினோம், நானும் அண்ணையும், சிலநாள் அப்பாவும். எல்லோரும் நல்லவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு வீட்டில் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள். ஏழாம் மாடியில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, அவையளுக்காக நாங்கள் ஏன் அலையவேணும் என்று கேட்டாள், போன வருடம் எங்கள் ஆட்களின் பிறந்தநாள் பாட்டுச் சத்தத்துக்கு வேறு ஆட்கள் இதே மாதிரிக் கடிதம் கொடுத்ததை அப்பா அவளுக்கு நினைவுபடுத்தினார், யோசித்துவிட்டுப் போட்டாள். நாலாம் மாடிப் போலந்துக்காரக் கிழவர் சாப்பாடு இருக்குமா என்று கேட்டுவிட்டு, இருக்கும் என்றதும் வாசிக்காமலே போட்டார். முதல் போட்ட அறுபத்திரண்டு பேரில் நாலு பேர் வீடு மாறிப் போய்விட்டார்கள், ஏழு பேர் மாட்டோம் என்றார்கள், மிச்சம் ஐம்பத்தொரு பேரும் போட்டார்கள், அவர்களைவிட இன்னும் தொண்ணூறு பேர் புதிதாகப் போட்டார்கள். அந்தத் தாள் கட்டை எடுத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் கிளடிஸின் ஒஃபிசுக்குப் போனோம். அண்ணை ஒரு பேச்சு ஆயத்தம் பண்ணி வைத்திருந்தார், ஆனால் கிளடிஸ் பழைய ஃபைலைத் திறந்து என்னுடைய பெயரைப் பார்த்துவிட்டு என்னைத்தான் கேட்டார், நீங்கள் அப்போது ஒன்று சொன்னீர்கள், இப்போது வேறொன்று சொல்கிறீர்கள், எது சரி என்று. நான் இங்கிலிஸில், "அன்றைக்கு எனக்கு அவளைத் தெரியாது, இன்றைக்குத் தெரியும்" என்றேன். கிளடிஸ் ஃபைலை மூடினார். தான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் தன்னுடைய சமையலுக்கும் ஒரு கடிதம் வந்தது என்று மெல்லச் சொல்லிவிட்டு, ஹோல் பூட்டின் திறப்பை மேசையில் வைத்தார். யன்னல்கள் திறந்திருக்க வேண்டும், ஏழு மணிக்கு முந்திக் கூட்டித் துடைத்துத் தரவேண்டும், தனக்கும் ஒரு கோப்பை சாப்பாடு வரவேண்டும், மூன்று நிபந்தனை.

திறப்பையும் கடிதத்தையும் கொண்டுபோய்ப் பேபியின் கதவைத் தட்டினேன். கிறிஸ்ரினாதான் திறந்தாள். பேபி கடிதத்தை நின்றபடியே வாசித்தாள், பிறகு கதிரையில் இருந்து ஒவ்வொரு கையெழுத்தாக விரலால் தொட்டுக்கொண்டு போனாள், என்னுடையதில் வந்து விரல் நின்றது. "ஆத்தே, லும்பியா சுற்றத் தெரியுமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், அதோடு எங்களுக்குள் இருந்தது தீர்ந்தது.

பிறகு பத்து நாள் எங்கள் வீடு கலியாண வீடுதான். லும்பியா என்றால் எங்கள் ரோல்ஸுக்குத் தங்கச்சி மாதிரி, விரல் மொத்தத்தில் மெல்லிசாகச் சுற்றிப் பொரிப்பது, எனக்கென்று மரக்கறி மட்டும் வைத்து ஒரு பிரிவு திறந்தார்கள், நான் தனியே இருநூற்றைம்பது சுற்றினேன். ஒருநாள் பேபி ஊதா நிறத்தில் ஒரு களி கொண்டுவந்து ஊபே என்று தந்தாள், வாயில் வைத்தால் இராசவள்ளிக்கிழங்கு, அதே கிழங்கு, அதே தேங்காய்ப்பால், அவளுக்கு நானும் எனக்கு அவளும் பெயர் சொல்லிக் கொடுத்துச் சிரித்தோம். அப்பாவுக்கு வேறு வேலை வந்தது. பேபியின் புருஷன் அகஸ்ரின் ஊரில் ஜீப்னி ஓடினவர், ஜீப்னி என்றால் எங்கள் மினிபஸ் மாதிரிச் சனம் ஏற்றுகிற நீட்டு ஜீப், உடம்பு முழுக்கப் பூவும் குதிரையும் சூரியனும் கீறியிருப்பார்கள். மேடைக்குப் பின்னால் ஒரு முழு ஜீப்னி நிற்கவேண்டும் என்று அவருக்கு ஆசை, ஆனால் கீறத் தெரியாது. அப்பா முப்பது வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர், இங்கே வந்தபிறகு பென்சிலைத் தொட்டதே இல்லை. பிரிஜ் வந்த காட்போட் பெட்டிகளைப் பிரித்து நிலத்தில் பரப்பி, முழங்கால் நோவை மறந்து முட்டுக்காலில் நின்று, பதினெட்டடி நீளத்துக்கு அளந்து கீறினார் பிள்ளை. சில்லு சின்னனாய்ப் போச்சு என்று அகஸ்ரின் கையால் வட்டம் போட்டுக் காட்டுவார், அளவு சரி என்று அப்பா அடிமட்டத்தால் காட்டுவார், பாஷை இல்லாமலே இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள். ஜீப்னியின் நெற்றியில் ஒரு பெயர் எழுதுவது அவர்கள் வழக்கமாம், அகஸ்ரினுடைய வண்டியில் கிறிஸ்ரினா என்று இருந்ததாம், இதிலும் அதையே எழுதப் போனார். கிறிஸ்ரினா தூரிகையை வாங்கி, அதைத் தான் எழுதுவதாகச் சொல்லிவிட்டு, எழுதி, மேலே பேப்பர் ஒட்டி மூடிவிட்டாள். தேப்பனுக்கும் காட்டவில்லை.

அந்தப் பிள்ளையோடு எனக்கு ஒரு கதை நடந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் குசினியில் என்னோடு இருந்து லும்பியா சுற்றிக்கொண்டிருந்தவள், சனம் ஓயாமல் வந்து வந்து ஆத்தே பேபி எங்கே, ஆத்தே பேபியிடம் கேட்கவேண்டும் என்று போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள், தன் அம்மா இங்கே ஒரு கிழவியின் வேலைக்காரி என்றும், அந்தக் கிழவிக்காகத் தன்னை விட்டுவிட்டு வந்தவள் என்றும்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாளாம், இவ்வளவு சனம் தன் அம்மாவைத் தேடும் என்று தனக்குத் தெரியாதாம். நான் புத்தி ஒன்றும் சொல்லவில்லை. ஏறக்குறைய உன்னுடைய வயதில் என்னுடைய மகளையும் நான் தூர தேசத்துக்கு அனுப்பினேன், அவள் இன்னும் என்னைக் கோபிக்கிறாளோ என்று எனக்குத் தெரியாது என்று மட்டும் சொன்னேன். போனில் கேட்டுப் பாருங்கோ அன்ரி என்றாள், எங்கள் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு அன்ரி என்று பழகிவிட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஹோல் நிறைந்து வெளியே கார் நிற்பாட்டுகிற இடம்வரை சனம். மேசை மேசையாகச் சாப்பாடு, பன்சிட் என்கிற நூடில்ஸ் மலை, தேங்காயும் அரிசிமாவும் போட்டுச் சுட்ட பிபிங்கா, ஊதா ஊபே, நான் சுற்றிய லும்பியாவுக்கு மூன்று வரிசை. முழுப் பன்றி ஒன்றைப் பொன்னிறமாக வாட்டி நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அப்பா மரியாதையாக மற்றப் பக்கம் திரும்பி நின்று சுவரில் மாட்டியிருந்த பிள்ளைகளின் ஓவியங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், அந்தச் சுவரை அன்று அவரைப்போல யாரும் ரசித்திருக்க மாட்டார்கள். பெண்கள் வண்ணத்துப்பூச்சிச் செட்டை மாதிரி நிமிர்ந்து நிற்கிற கைவைத்த சட்டையில் வந்தார்கள். பிறகு திரையை இழுத்தார்கள், ஜீப்னி நின்றது. ஒருபக்கம் இலோயிலோ, மறுபக்கம் ஸ்காபரோ என்று வழி போட்டு, சிவப்பும் மஞ்சளும் நீலமும் பளபளக்க நின்றது, அகஸ்ரின் எல்லோருக்கும் முன்னால் அப்பாவைக் கட்டிப்பிடித்துவிட்டார். கிறிஸ்ரினா கதிரையில் ஏறி நெற்றியில் ஒட்டியிருந்த பேப்பரை உரித்தாள். பெரிய சிவப்பு எழுத்தில் பேபி என்று இருந்தது.

பேபி மேடையில் நின்றாள், ஏனென்றால் அடுத்தது அவளுடைய வாத்தியக் குழு. பதினொரு பேர் இருந்து மீட்டுகிற தந்தி வாத்தியங்கள், பேபி நடுவில் நின்று கையசைத்து நடத்துபவள். பிந்திப் போய்ப் பன்னிரண்டாவது கதிரை ஒன்றை யாரோ கொண்டுவந்து வைக்க, கிறிஸ்ரினா தன்னுடைய பன்டூரியாவை எடுத்துக்கொண்டு வந்து இருந்தாள், பதினாலு தந்தி உள்ள சின்ன வாத்தியம், ஊரிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தும் இங்கே ஒருநாளும் பெட்டியால் எடுக்காதது. பேபிக்குக் கை எழும்பவில்லை. முழு ஹோலும் பார்த்துக்கொண்டு இருந்தது. அப்போது கிறிஸ்ரினா தலையை நிமிர்த்தித் தாயின் கையைப் பார்த்து, "நான் ரெடி, மாமா" என்றாள், அவர்கள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பேபி கையைத் தூக்கினாள். அந்தப் பிள்ளை தாயின் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் மீட்டியது சுகிர்தா, பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை. எனக்கு அந்தப் பாட்டின் ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் கூடவே சனம் எல்லாம் எழுந்து பாடியபோது நானும் எழுந்து நின்றேன், கிளடிஸும் நின்றார், கன்னத்தைத் துடைத்தபடி அண்ணையும் நின்றார். அதற்குப் பிறகு ஒரே ஆட்டம்தான். இரண்டு மூங்கில் தடியை நிலத்தில் தட்டித் தட்டிச் சேர்க்க, நடுவில் கால் அகப்படாமல் துள்ளவேண்டும், சச்சிதானந்தன் அண்ணை துள்ளிக் கணுக்காலில் அடி வாங்கி இன்றைக்கும் நொண்டுகிறார், கிளடிஸ் ஒருமுறையும் அகப்படவில்லை. கையெழுத்துப் போடமாட்டோம் என்ற ஏழு பேரில் மூன்று பேர் வந்து சாப்பிட்டார்கள், பேபி தன் கையாலேயே போட்டுக் கொடுத்தாள். ஜீப்னியை எறியவேண்டாம், கோடை முடியும்வரை கட்டிட வாசலில் நிற்கட்டும் என்று கிளடிஸ் சொல்லிவிட்டார், அப்பா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்கிறார்.

பிள்ளை, கிறிஸ்ரினா சொன்னபடி போனில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதிக் கேட்கிறேன். பத்தொன்பது வயதில் உன்னைத் தனியே நோர்வேக்கு அனுப்பினோம், ஊர்ச் சண்டையில் உயிர் தப்பினால் போதும் என்று மட்டும் நினைத்தோம், அந்த முதல் வருடங்கள் உனக்கு எப்படி இருந்தன என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. யாரோடு கதைத்தாய், என்ன சாப்பிட்டாய், எங்களை எவ்வளவு கோபித்தாய், எல்லாவற்றையும் எழுது. எனக்கு நோகும் என்று பார்க்காதே. நான் கேட்கக்கூடிய ஆள் என்று இப்போது எனக்குத் தெரியும்.

மருமகனுக்கு எங்கள் அன்பைச் சொல்லு. அட்சயாவுக்கு விழுந்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லை நாக்கால் தள்ளவேண்டாம் என்று சொல்லு, பல் மிதந்து வெளியே தள்ளிக்கொண்டு வரும். ஓகஸ்டில் நீங்கள் வரும்போது தடித்த உடுப்பு ஒன்றும் வேண்டாம், ஆனால் சுங்கத்தில் கேட்டால் சொல்ல எங்கள் புது போன் இலக்கத்தை எழுதிக் கைப்பைக்குள் வை, போனமுறை மறந்தாய். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி, நெடுங்காலம் வாழவேண்டும் என்று இரண்டு கையாலும் உன் தலையைத் தொட்டு ஆசீர்வதிக்கிறேன். அப்பாவும் பக்கத்தில் நிற்கிறார், சில்லின் அளவு சரியாகத்தான் இருந்தது என்று உனக்கு எழுதச் சொல்கிறார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அன்பு அம்மா,
இ. கமலாம்பிகை